மெஸ்த்ரே நிறுத்திய இடம்

மெஸ்த்ரே அனக்லெத்தின் வயலின் எந்த இடத்தில் நிற்கும் என்பது வாடோ என்று நாங்கள் சொல்கிற எங்கள் குடியிருப்பில் நாய்களுக்குக்கூடத் தெரியும். மத்தியானம் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டு எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்குப் பதில் சிப்பி பதித்த ஜன்னல் வீட்டிலிருந்து ஒரு மெட்டு கிளம்பும். மெதுவாக நடக்கும். ஒரு மேட்டில் ஏறும். உச்சிக்குப் போனதும் ஒரே சுரத்தில் நிற்கும், ஆற்றங்கரைக்கு வந்தவன் தோணியைக் காணாமல் நிற்பதுபோல. அங்கேயே வில்லை எடுத்துவிடுவார். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். நாங்களும் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

கோயிலில் பாட்டு நடத்துகிறவரை, பங்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சுரமும் வாத்தியமும் சொல்லிக்கொடுக்கிறவரைத்தான் எங்கள் பக்கம் மெஸ்த்ரே என்போம். ஊரில் வாயைத் திறந்து பாடுகிற எவரும் அவரிடம் பிரம்படி வாங்கியவர்தான். நானும் வாங்கியிருக்கிறேன். எதிர்வீடு என்பதற்காக எனக்கு ஒரு அடிகூடக் குறைத்ததில்லை.

"அந்தப் பாட்டை ஏன் பாதியில விட்டுடறீங்க?" என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டாராம்.

"மிச்சம் இன்னும் வரல ஃபாதர்" என்றாராம்.

வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

அவருக்கு ஒரே மகன், அவெலின். தாயில்லாத பிள்ளை. மெஸ்த்ரேயின் தங்கை எர்மெலிந்தாதான் அவனை வளர்த்தாள். ட்ரம்பெட்டை எடுத்தானென்றால் நெல் குத்துகிறவள் உலக்கையைக் கீழே வைத்துவிடுவாள், அப்படி வாசிப்பான். கப்பலில் வாசிக்கிற பாண்டில் வேலை கிடைத்துப் போனான். கொஞ்ச காலம் ஏதேதோ துறைமுகத்துப் படங்களெல்லாம் அனுப்பினான். பிறகு ஒன்றும் இல்லை. பிரேசிலில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. யார் வாயிலிருந்து அது முதலில் கிளம்பியது என்று தெரியாது. மெஸ்த்ரே மறுக்கவில்லை, அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

பன்றிக்கறி விற்கிற பாஷ்கோல் என்று ஒருவர். எங்கள் ஊர் பாண்டில் பெரிய முரசு அவருடையது. வாய் அதைவிடப் பெரிது.

"என்ன மெஸ்த்ரே, இந்தக் கிறிஸ்மஸுக்காவது துரை வர்றாரா? இல்ல, பிரேசில் பன்னி நம்ம பன்னியவிட ருசியா இருக்கா?"

மெஸ்த்ரே தொப்பியைத் தொட்டுக்கொள்வார். "எழுதுவான் பாஷ்கோல். எழுதுவான்."

அவர் நாலடி தள்ளிப் போனதும் பாஷ்கோல் எங்கள் பக்கம் திரும்புவார். "பெத்த அப்பனுக்கு நாலு வரி எழுதத் துப்பில்ல. அவனும் ஒரு பிள்ளை!" நாங்களும் தலையாட்டுவோம்.

மெஸ்த்ரே வீட்டு மாமரத்தில் திருட ஏறியவள்தான் மிலாக்ரின். கள் இறக்குகிற ஜுவாங்கின் மகள். கிளை ஒடிந்து, பாதியில் தொங்கிக்கொண்டு அவள் போட்ட கூச்சல் அக்கரை வரைக்கும் கேட்டது. மெஸ்த்ரே வெளியே வந்தார். இறக்கிவிடவில்லை. மரத்தடியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கத்து."

"ஐயோ, கை வழுக்குது மெஸ்த்ரே!"

"வழுக்கட்டும். இவ்வளவு மூச்ச மாங்காய்க்குப் போய் வீணாக்குறியேடி!"

அன்றைக்கே உள்ளே கூட்டிப்போய் மகனுடைய பழைய ட்ரம்பெட்டை அவள் கையில் கொடுத்தார்.

அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது வாத்தியம் மட்டும்தான் என்றால் இந்தக் கதையே இல்லை. திருநாள் பாண்டில் பெண்பிள்ளை நடக்கக் கூடாது என்று ஆண்கள் முரண்டு பிடித்தபோது, "அப்போ பூசையில என் பாடகர்களும் வாயத் திறக்க மாட்டாங்க" என்று கோயிலில் பாடகர் மாடத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். சாமியாரே வந்து கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை, அவள் பாண்டில் நடந்த பிறகுதான் எழுந்தார். பம்பாயில் வீட்டுவேலைக்கு அனுப்ப ஜுவாங் பெட்டி கட்டியபோது, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பேசினார். பணஜியில் இசைப் பரீட்சையில் தோற்று அவள் வெளியே தலைகாட்டாமல் கிடந்தபோது, குடிசைக்கே போனார்.

"தோத்த பாட்ட வாசிச்சுக் காட்டு."

"வேண்டாம் மெஸ்த்ரே. தப்பாத்தான் வரும்."

"தப்பையே வாசி. ஆனா சத்தமா வாசி. மெதுவா வாசிச்ச தப்ப எவனாலயும் திருத்த முடியாது."

இன்றைக்கு அவள் மட்காவ் பட்டணத்தில் ஒரு பெரிய பள்ளியில் இசை ஆசிரியை. எங்கள் ஊர் பாண்டை நடத்துகிறவளும் அவள்தான். அதே பாஷ்கோல் அவள் கையசைவைப் பார்த்துத்தான் முரசு அடிக்கிறார்.

பாட்டுக்காரர்களுக்கெல்லாம் பாதுகாவலி புனித செசிலியம்மாள். அவள் திருநாளன்று விடியற்காலையில் பாண்ட் மெஸ்த்ரே வீட்டு வாசலில் வந்து வாசிக்கும். அது எங்கள் வழக்கம். அந்த வருஷம் மெஸ்த்ரேக்கு எண்பது வயது. மிலாக்ரின் முன்னதாகவே வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, இந்த மனுஷனுக்கு நான் என்ன குடுக்கிறது? கோட்டுத் துணியா, கடிகாரமா? எதக் குடுத்தாலும் அடுத்த நாளே யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவார்."

"ஒரு நல்ல பெபிங்கா செஞ்சு குடு. திங்கிறத யாருக்கும் குடுக்க மாட்டார்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த மத்தியான மெட்டு இருக்குல்ல. அவரால முடிக்க முடியலையே. நான் முடிச்சிட்டேன் அத்தை. சின்ன வயசுலேருந்து பாடம் முடிஞ்சு வீட்டுக்கு நடக்கிறப்பல்லாம் அது என் கால்ல ஓடிக்கிட்டே இருக்கும். அவர் நிறுத்தின இடத்துக்கு அப்புறமும் ஓடும். இப்போ பாண்ட் முழுக்க வாசிக்கிற மாதிரி எழுதிட்டேன். அவர் வாசல்ல, அவர் காது குளிர, முழுசா."

என் கண் நிறைந்துவிட்டது. வேறு எந்த மாணவி வாத்தியாருக்கு இப்படி ஒன்றைக் கொடுத்திருக்கிறாள்! யாருக்கும் மூச்சுவிடாதே என்றாள், விடவில்லை. பாஷ்கோலின் பன்றிக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடந்தது. பன்றிகளுக்கு அந்த மெட்டு மனப்பாடமாகியிருக்கும்.

திருநாள் விடிந்தது. வயலில் அறுப்பு முடிந்து நல்ல குளிர். வெள்ளைச் சட்டையும் நீலத் தொப்பியுமாகப் பாண்ட் வந்து வாசலில் நின்றது. மிலாக்ரின் கை உயர்ந்தது. ஆரம்பித்ததுமே வாடோ முழுக்க விழித்துக்கொண்டது. எங்கள் மத்தியான மெட்டு! ஆனால் அது நடக்கவில்லை, குதித்தது. கல்யாண ஊர்வலம்போல வேகமாக, முரசும் தாளமுமாக. பிள்ளைகள் போர்வையோடு ஓடிவந்து ஆடினார்கள். யாரோ வெடிகூடப் போட்டார்கள்.

மெட்டு மேடேறியது. உச்சிக்குப் போய் நின்றது. எங்கள் எல்லார் மூச்சும் தன்னாலே நின்றது. அத்தனை வருஷப் பழக்கம், ஜன்னல் சாத்துகிற சத்தத்துக்குக் காது காத்திருந்தது.

அப்போது மிலாக்ரினின் ட்ரம்பெட் தனியாக இறங்கியது. அந்த உச்சியிலிருந்து படிப்படியாக, கையைப் பிடித்து இறக்கிவிடுவதுபோல இறங்கி, வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு அழகு. கை தட்டப்போனேன்.

கதவு படீரென்று திறந்தது. எர்மெலிந்தா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. நேராக மிலாக்ரினிடம் வந்தாள். ட்ரம்பெட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. அது கல்லில் விழுந்து உருண்டது.

"என் அவெலினைப் புதைச்சிட்டியேடி!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாஷ்கோல்தான் வாயைத் திறந்தார். "என்ன எர்மெலிந்தா, கெட்ட கனவா? அவன் பிரேசில்ல பெண்டாட்டியோட..."

"எந்தப் பிரேசில்? எந்தப் பெண்டாட்டி? நீங்க கட்டி வச்ச பெண்டாட்டி! கடல்ல போயிட்டான் என் பிள்ளை. இருபத்தொரு வயசுல போயிட்டான். கூட வாசிச்ச பையன் ஒருத்தன் வந்து, இதோ இந்த வாசல்ல நின்னு, சொல்லிட்டுப் போனான்!"

பாஷ்கோலின் கையிலிருந்து முரசுக்கோல் நழுவியது. எத்தனை கிறிஸ்மஸ், எத்தனை திருநாள், அந்தச் செத்த பிள்ளையை நன்றிகெட்டவன் என்று வைதிருக்கிறோம், பெற்றவர் காதுபட! அவர் தொப்பியைத் தொட்டுக்கொண்டு எழுதுவான் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"சாயிபா, ஆண்டவரே!" என்று யாரோ முனகினார்கள்.

"அன்னைக்கு மத்தியானமே அண்ணன் வயலின எடுத்துட்டார்" என்றாள் எர்மெலிந்தா. குரல் இறங்கியிருந்தது. "பிள்ளைய வீட்டிலேருந்து கல்லறைக்குத் தூக்கிட்டுப் போறப்ப வாசிக்கிற மார்ச். உடம்புதான் இல்ல, பாட்டாவது இருக்கட்டும்னார். அந்த மேடு வரைக்கும் வந்தார். வந்து, வில்ல எடுத்துட்டார். 'எர்மலி, இத முடிச்சா அவன் போயிடுவான். முடிக்க மாட்டேன்'னார். கறுப்பு உடுத்தாதேன்னார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நானும் பூப்போட்ட உடுப்போடவே கிழவியாயிட்டேன். இவ வந்து, வெடி போட்டு, ஆட்டம் போட்டு, முடிச்சிட்டா!"

மிலாக்ரின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே இருட்டில் மெஸ்த்ரே நிற்பது தெரிந்தது. இரவு உடுப்பில், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு. முகம் எங்கள் பக்கம் இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. பிறகு தங்கையைத் தோளைத் தொட்டு உள்ளே அழைத்தார். கதவு மூடியது.

திருநாள் பூசைக்கு அவர் வரவில்லை. அவர் இல்லாமல் அந்த மாடத்தில் பாட்டு எழுந்ததை நான் கேட்டதே இல்லை. பாட்டா அது! ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் சேர்ந்துகொள்ளவில்லை. சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

மிலாக்ரின் கோயிலுக்கும் வரவில்லை. மெஸ்த்ரே வீட்டுப் படியிலேயே இருந்தாள். கஞ்சி கொண்டுபோனேன், தொடவில்லை.

"எழுந்திரு மகளே. தெரியாம செஞ்சதுதானே."

"தெரியாமத்தான் அத்தை. ஆனா கேட்டேனே! அத்தனை வருஷம் கேட்டேனே! அது அழுகைன்னு எனக்குக் கேக்கலையே. கேக்கக் கத்துக்குடுத்ததே அவர்தானே. எனக்கு அவர் குடுத்த காது எங்க போச்சு?"

பாஷ்கோல் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கடை திறக்கவில்லை. "நீ முடிக்கத்தான் செஞ்சே மிலா. நான் இத்தனை வருஷமா செத்தவன வாயால அடிச்சிருக்கேன்" என்றார். "அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"அவர் என்கிட்ட இனிமே பேசலைன்னா?" என்றாள் மிலாக்ரின். "எனக்கு வேற யாரு இருக்கா? எங்கப்பா சோறு போட்டார். என்னை ஆளாக்கினது இந்தக் கதவுக்குப் பின்னால இருக்கு."

கதவு திறக்கவில்லை.

மத்தியானம் வந்தது. எவரும் சோற்றைத் தொடவில்லை, படுக்கவும் இல்லை. வயலின் கிளம்புகிற நேரம். வாடோ முழுக்க விழித்துக்கொண்டு காது கொடுத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வெயில் சாய்ந்தது, அப்போதும் வரவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் போனதுதான் காலையில் கேட்ட கூச்சலைவிட என்னைப் பயமுறுத்தியது. மிலாக்ரின் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மெஸ்த்ரே வெளியே வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, பளபளவென்று துடைத்த காலணி. கையில் வயலின் இல்லை. மிலாக்ரின் எழுந்து நின்றாள். பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் கடைசிப் பகுதி யாரோடது?"

"என்னோடதுதான் மெஸ்த்ரே. மன்னிச்சி..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல போயிருக்கலாமே. ஏன் கீழ இறங்கினே?"

"மேல போக வழி தெரியல மெஸ்த்ரே. எவ்வளவு நேரம்தான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கிறது? விட்டுத்தானே ஆகணும்."

மெஸ்த்ரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே இல்ல" என்றார். "பயம். இறங்கற வழி அங்கதான் இருந்திருக்கு." பிறகு பழைய வாத்தியார் குரல் வந்தது. "ஆனா ஒரு பெரிய தப்புப் பண்ணியிருக்கே. வேகம். நாலு பேர் தோள்ல சுமந்துக்கிட்டு அந்த ஓட்டம் ஓட முடியுமா? எங்க உன் ஆளுங்க? கூப்பிடு. சுமக்கிறதுக்கும் நாலு பேர் வேணும்."

"எதைச் சுமக்க மெஸ்த்ரே?" என்று வேலியோரத்திலிருந்து பாஷ்கோல் கேட்டார்.

"என் பிள்ளைய."

எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டதா? பாஷ்கோல் காலையிலிருந்து தோளில் கிடந்த முரசைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் நின்றார், முன்பக்கம், வலதுதோள் இடத்தில். அவெலினோடு படித்த மூன்று மீனவர்கள் வந்து மற்ற மூலைகளில் நின்றார்கள். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் காற்று. மெஸ்த்ரே ஒவ்வொருவர் தோளையும் தொட்டுச் சரிசெய்தார். நால்வரும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் கண் முன்னால் அந்த நாலு முதுகும் கொஞ்சம் வளைந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பாரம் ஏறினால் எப்படி வளையுமோ அப்படி.

அப்போதுதான் எர்மெலிந்தா தெருவைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தாள். "கறுப்பு உடுப்பு இருக்கா? என்கிட்ட ஒண்ணுகூட இல்ல." என்னுடையதைக் கொடுத்தேன், என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் உடுத்துவது. பொத்தான்களை நானே போட்டுவிட்டேன்.

மிலாக்ரின் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தாள். காலையில் கல்லில் விழுந்து அதன் வாய் நசுங்கியிருந்தது. சத்தம் கொஞ்சம் கரகரத்தது. மெட்டு இப்போது நடந்தது, ஒரு அடி, நிற்பது, இன்னொரு அடி. இத்தனை வருஷம் நாங்கள் தூங்கிக்கொண்டே கேட்டது என்னவென்று அந்தத் தெருவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். பெண்கள் வாசலிலேயே முழங்காலிட்டார்கள். கோயில் மணி சாவுக்கு அடிப்பதுபோல ஒவ்வொன்றாக விழுந்தது. சாமியார் கறுப்புத் தோள்துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து மெஸ்த்ரேக்குப் பின்னால் நடந்தார்.

"ஃபாதர், பெட்டியே இல்லாம அடக்கமா?" என்று கேட்டேன்.

"அப்பா இருக்காரே" என்றார் அவர்.

கல்லறை வாசலில் மெட்டு மேடேறி நின்றது. மிலாக்ரின் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டாள். கண்ணால் மெஸ்த்ரேயைக் கேட்டாள். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் வாய் கோணியது. ஒரு கையால் தங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மெல்ல உயர்த்தி, பாடகர்களுக்குக் காட்டுவாரே, அதேபோலக் கீழே இறக்கினார்.

அவள் மெட்டை இறக்கினாள். நால்வரும் குனிந்து, மண்ணில் எதையோ வைத்துவிட்டு, வெறுங்கையோடு நிமிர்ந்தார்கள். பாஷ்கோல் மட்டும் நிமிரவில்லை. மெஸ்த்ரே போய் அவர் முதுகில் கையை வைத்தார். "போதும் பாஷ்கோல். இறக்கியாச்சு."

திரும்பி வரும்போது மிலாக்ரின் அவரைவிட ஒரு அடி பின்னாலேயே நடந்தாள். வீட்டுப் படி வந்ததும் அவர் நின்றார்.

"மிலா. நாளைக்குக் காலையில பிள்ளைங்களுக்குப் பாடம் நீ எடு. நான் கொஞ்சம் தூங்கணும்."

"நாளைக்கு மட்டுமா மெஸ்த்ரே?"

"எனக்கு ரொம்பத் தூக்கம் பாக்கியிருக்கு" என்றார்.

மறுநாள் பள்ளியில் அவள் குரல் கேட்டது, பிள்ளைகளின் சுரம் கேட்டது. அந்தச் சிப்பி ஜன்னல் திறக்கவில்லை. வெயில் ஏறியும் திறக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். என் கறுப்பு உடுப்போடு எர்மெலிந்தா வந்து நின்றாள்.

"எழுந்திருக்க மாட்டேங்கிறார்" என்றாள்.

நெஞ்சில் கையை வைத்துவிட்டேன்.

"அட, பதறாதே. மூணு தடவை மூக்குல விரல வச்சுப் பாத்துட்டேன். மூணாந்தடவை என் விரலத் தட்டிவிட்டு, 'எர்மலி, ரெண்டாவது வரிசையில யாரோ ஒரு பொண்ணு சுருதி இறங்கிப் பாடுது, மிலாகிட்டச் சொல்லு'ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

சொல்லத்தான் போனேன். பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டேன். மிலாக்ரின் ஏற்கனவே அந்தப் பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தாடையை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.